எஞ்சின் இல்லாத கூட்ஸ் வண்டி

பாரம்பரிய ரயில் என்றதும் நம் மனத்தில் எழும் சித்திரம் ஏறக்குறைய ஒன்றுதான். புகை கக்கும் நீராவி எஞ்சின், மெருகேற்றிய மரப்பெட்டிகள், ஜன்னலோரக் குழந்தைகள். கூட்ஸ் வண்டிக்கு அந்தச் சித்திரத்தில் இடமில்லை. பயணி தான் அமர்ந்த இருக்கையை நினைவில் வைத்திருப்பார்; நிலக்கரிக்கும் கல்லுக்கும் நினைவேது? அதனால்தானோ என்னவோ, ரயில்கள் ஓய்வுபெறும்போது முதலில் பழைய இரும்புக் கடைக்குப் போவது சரக்கு வேகன்களாகவே இருக்கிறது. ஆனால் உலகில் ரயில்பாதைகள் முதன்முதலில் போடப்பட்டது மனிதரைச் சுமக்க அல்ல, சுமையைச் சுமக்க. இந்த எளிய உண்மையை மறக்க மறுத்துச் சிலர் இன்றும் மழையில் நின்று துருவைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள். வடமேற்கு வேல்ஸின் ஃபெஸ்டினியோக் ரயில்பாதையைப் பற்றி இங்கே பேச நினைப்பது அவர்களுக்காகத்தான்.

சிலேட்டிலிருந்து தொடங்குவோம். நம்மில் ஒரு தலைமுறைக்கு அகர முதல எழுத்தெல்லாம் சிலேட்டில்தான் தொடங்கின. எச்சில் தொட்டு அழித்ததும், கோவை இலை தேய்த்துக் கறுப்பாக்கியதும் நினைவிருக்கும். நமது பலகைகளுக்கான கல்லுக்கு ஆந்திரத்தின் மார்க்காபூர் வட்டாரம் பெயர்பெற்றது. அதே இனத்துக் கல்தான் வேல்ஸின் மலைகளிலும் கிடக்கிறது. அங்கே அது முதன்மையாகக் கூரைக்கானது. உளியை ஓரத்தில் வைத்துச் சுத்தியலால் தட்டினால் ஏடு ஏடாகப் பிரியும் கல் அது. தொழிற்புரட்சிக் காலத்தில் பிரிட்டனின் நகரங்களில் வரிசை வரிசையாக எழுந்த வீடுகளுக்குக் கூரையானது அந்த ஏடுகள்தாம். 1842இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் தீயில் அழிந்து மீண்டும் எழுந்தபோதும் ஃபெஸ்டினியோக்கின் கல் அங்கே போயிற்று. ஓடுகளின் அளவுகளுக்கு அந்த ஊரார் வைத்த பெயர்கள் சுவையானவை. 24க்கு 12 அங்குலம் என்றால் டச்சஸ், 20க்கு 10 என்றால் கவுன்டெஸ், 16க்கு 8 என்றால் லேடி. சீமாட்டிகளின் பெயர் சூட்டிய கல்லைப் பிளந்தவர்களின் வீடுகளில் சீமாட்டிகள் எவரும் இருக்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பிளைனாய் ஃபெஸ்டினியோக் என்ற மலையூரில் வெட்டிய கல்லைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டும். தொடக்கத்தில் கோவேறு கழுதைகளும் மாட்டுவண்டிகளும் ஆற்றுப் படகுகளுமாக ஏற்றி இறக்கி மாற்றி மாற்றிக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஓடுகள் உடைந்தன. வில்லியம் மேடக்ஸ் என்பவர் 1811இல் கடல் முகத்துவாரத்தின் குறுக்கே சுமார் ஒரு மைல் நீளத்துக்குக் கட்டிய கரை ஒன்று அங்கே இருந்தது. கடலிடமிருந்து விளைநிலத்தை மீட்பதற்காகக் கட்டியது அது. அதன் ஓரத்தில் உருவான துறைமுகம் அவர் பெயரையே தாங்கிப் போர்த்மாடோக் ஆயிற்று. மலையூரையும் அத்துறைமுகத்தையும் இணைக்கும் ரயில்பாதைக்கு 1832 மே மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தில் ஊரின் பெயரை ஓர் எழுத்து குறைத்து எழுதிவிட்டார்கள். கம்பெனியின் சட்டப்பூர்வமான பெயர் அந்தப் பிழையோடே நிலைத்துவிட்டது. சட்டம் எழுதியவர்கள் வேல்ஷ் மொழி அறிந்தவர்களல்லர் என்பதற்கு அந்த ஓரெழுத்தே சாட்சி.

1836 ஏப்ரலில் பாதை திறக்கப்பட்டது. நீளம் சுமார் பதின்மூன்றரை மைல். தண்டவாளங்களுக்கு இடையே அகலம் இரண்டடிக்கும் அரை அங்குலம் குறைவு. ஜேம்ஸ் ஸ்பூனர் வகுத்த அந்தப் பாதையின் மேதைமை அதன் சரிவில் இருக்கிறது. மலையின் மடிப்புகளை ஒட்டி வளைந்து வளைந்து, சுமார் 700 அடி உயரத்தை, ஏறத்தாழ எண்பது தொண்ணூறு அடிக்கு ஓரடி என்ற கணக்கில் கரைத்துக்கொண்டே வந்தார் அவர். குறுக்கே நின்ற மோயில்வின் மலையை முதலில் சரிவுத்தளங்கள் வழியாகத் தாண்டினார்கள். 1842இல் அதைக் குடைந்து சுரங்கம் அமைத்தார்கள். அதன்பின் குவாரிகளின் அடிவாரத்திலிருந்து கடற்கரைவரை தடையற்ற இறக்கம். சிலேட்டு ஏற்றிய வேகன்களை வரிசையாகக் கோத்துப் பிரேக்கைத் தளர்த்தினால் போதும். எஞ்சினும் வேண்டாம், குதிரையும் வேண்டாம். வண்டித்தொடர் தானே உருண்டு மலையிறங்கிக் கரைக்கு வந்துவிடும்.

குதிரை வேண்டாம் என்றா சொன்னோம்? வேண்டும், திரும்பி ஏறுவதற்கு. காலி வேகன்களை மேலே இழுத்துச் செல்லக் குதிரைகள் இருந்தன. இறங்கும்போது அக்குதிரைகளும் தொடரின் வேகன் ஒன்றில் நின்று, வைக்கோலைத் தின்றபடி பயணம் செய்தன. ஏறுவதற்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். இறங்க அதில் நான்கில் ஒரு பங்குதான். தான் இழுத்த வண்டியிலேயே சவாரி செய்து திரும்பும் பேறு உலகில் எத்தனை குதிரைகளுக்கு வாய்த்திருக்கும்!

1863இல் நீராவி எஞ்சின்கள் வந்தன. இத்தனை குறுகிய பாதையில் எஞ்சின் ஓடாது என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. 1869இல் இரண்டு முகமும் கொண்ட ஃபேர்லி வகை எஞ்சினான 'லிட்டில் ஒண்டர்' வந்தது. அடுத்த ஆண்டு அதன் சோதனை ஓட்டங்களைப் பார்க்க ருஷ்யப் பேரரசின் குழு உட்படப் பல நாட்டார் வந்து போனார்கள். குறுகிய பாதை ரயில்கள் உலகெங்கும் பரவ அந்தச் சோதனைகள் பெரிய தூண்டுகோலாயின. ஆனால் நாம் இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. நீராவி குதிரையின் இடத்தைத்தான் பிடித்தது, சரிவின் இடத்தைப் பிடிக்கவில்லை. எஞ்சின்கள் காலி வேகன்களை மேலே இழுத்தன. சிலேட்டுத் தொடர்கள் எப்போதும்போலத் தாமே உருண்டு இறங்கின, 1939வரை. நூறாண்டுக்கும் மேலாக ஒரு ரயில்பாதையின் முதன்மைச் சரக்கைச் சுமந்தது பூமியின் ஈர்ப்பு விசையே.

அந்தத் தொடரை ஆள்வது மனிதக் கைகளின் வேலை. எல்லா வேகன்களிலும் பிரேக் கிடையாது. இடையிடையே உள்ள சிலவற்றில் மட்டும் ஒரு நெம்புகோல் இருக்கும். பிரேக் ஆட்கள் இரண்டு மூன்று பேர், சில நேரங்களில் எண்பதுக்கும் மேற்பட்ட வேகன்கள் கொண்ட தொடரில், ஓடும்போதே சிலேட்டு அடுக்குகளின்மேல் தாவித் தாவிச் சென்று எங்கே அழுத்த வேண்டும், எங்கே தளர்த்த வேண்டும் என்று பார்ப்பார்கள். முன்னால் இருப்பவர் வளைவுகளில் கொம்பு ஊதுவார். அதிகம் அழுத்தினால் சக்கரம் சுழல்வதை நிறுத்தி வழுக்கத் தொடங்கும். வழுக்கும் சக்கரத்தின் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகும். குறைவாக அழுத்தினால் அடுத்த வளைவுக்குள் வேகம் கைமீறும். மழைநாளில் ஒரு கணக்கு, உதிர்ந்த இலை ஒட்டிய தண்டவாளத்துக்கு வேறொரு கணக்கு. இதை எந்த ஏட்டிலும் முழுதாக எழுதிவிட முடியாது. ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்று கற்றுக்கொண்ட வித்தை இது.

*

வேல்ஸின் சிலேட்டுத் தொழில் உச்சத்தில் இருந்த 1898இல் சுமார் 17,000 பேர் வேலைசெய்து ஏறத்தாழ ஐந்து லட்சம் டன் எடுத்தார்கள். பிறகு இறங்குமுகம். மலிவான ஓடுகள் வந்தன, போர்கள் வந்தன, கட்டுமானம் மாறியது. ஃபெஸ்டினியோக்கில் பயணிகள் வண்டி 1939 செப்டம்பரில் நின்றது. 1946 ஆகஸ்டு முதல் தேதி சரக்கும் நின்றது. கம்பெனி தண்டவாளங்களைப் பெயர்த்து விற்றுக் கணக்கை முடித்திருக்கலாம். ஆனால் 1832ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாதையைக் கைவிடுவது பற்றி ஒரு வரிகூட இல்லை. கைவிடுவதற்கு இன்னொரு சட்டம் வேண்டும். அதற்குச் செலவழிக்கக் கம்பெனியிடம் பணமில்லை. ஆகவே எல்லாம் அப்படியப்படியே விடப்பட்டது. ஒரு காலத்தில் ஆயிரத்துக்கும் மேல் இருந்த சிலேட்டு வேகன்களில் பல நின்ற இடத்திலேயே நின்றன. முட்செடி தண்டவாளத்தை மூடியது. அழிப்பதற்கும் வசதியற்ற வறுமையே அந்தப் பாதையைக் காப்பாற்றியது எனலாம்.

1951இல் பக்கத்திலிருந்த டாலிலின் ரயில்பாதையைத் தன்னார்வலர்கள் ஏற்று நடத்தத் தொடங்கினார்கள். எழுத்தாளர் எல்.டி.சி. ரோல்ட் அதில் முன்னின்றார். கூலி வாங்காதவர்கள் ஒரு ரயிலை ஓட்ட முடியும் என்று உலகுக்கு முதலில் காட்டியது அதுவே. அதே ஆண்டு செப்டம்பரில் லியனார்ட் ஹீத் ஹம்ஃப்ரிஸ் என்ற பதினேழு வயது இளைஞர் பிரிஸ்டல் நகரில் ஒரு கூட்டம் கூட்டினார். பொருள், ஃபெஸ்டினியோக்கை மீட்பது. 1954இல் ஆலன் பெக்லர் கம்பெனியின் கட்டுப்பாட்டைப் பெற்றார். 1955 ஜூலையில் கடற்கரையின்மேல் மீண்டும் வண்டி ஓடியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் சிறிது சிறிதாக மலையேறி, 1958இல் டானபுல்க் நிலையத்தை அடைந்தது.

அதற்குள் மேலே இன்னொரு கதை நடந்துவிட்டது. டானகிரிஷாய் ஊரருகே நீர்மின் நிலையத்துக்கான அணை எழுந்து பழைய பாதையின் ஒரு பகுதியை நீரில் மூழ்கடித்தது. நஷ்டஈட்டு வழக்கு இழுத்துக்கொண்டே போய் 1972இல்தான் முடிந்தது. தன்னார்வலர்கள் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. 1965 ஜனவரியில் கடப்பாரையும் மண்வெட்டியுமாக மாற்றுப்பாதை வெட்டத் தொடங்கினார்கள். வார இறுதிகளில் மாணவர்களும் அலுவலக ஊழியர்களும் வந்து கல்லுடைத்தார்கள். தம்மை அவர்கள் 'டீவியேஷனிஸ்டுகள்' என்று அழைத்துக்கொண்டார்கள். பாதையை விலக்கிக் கட்டுபவர்கள் என்று நேர்ப்பொருள். இடதுசாரிக் கட்சிகளில் கொள்கையிலிருந்து விலகியவர்மேல் வீசப்படும் வசையும் அதுவே. சிறுபத்திரிகைச் சண்டைகளில் பழகிய நமக்கு இந்த நகைச்சுவை விளங்காமற் போகாது. சுருள்போல் ஒரு சுற்றுச் சுற்றித் தன் மேலேயே ஏறும் பாதை, மலையைக் குடைந்த புதிய சுரங்கம் என்று பதின்மூன்று ஆண்டுகள் உழைத்து 1978இல் டானகிரிஷாயை அடைந்தார்கள். 1982 மே மாதம் வண்டி பிளைனாய் ஃபெஸ்டினியோக்குக்கே போய்ச் சேர்ந்தது.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. அணையின் நீர்மட்டத்துக்கு மேலே போக வேண்டியிருந்ததால், புதிய பாதை சுரங்கத்தருகே உச்சத்தைத் தொட்டு, அப்பால் டானகிரிஷாய் நோக்கிச் சற்று இறங்குகிறது. ஸ்பூனரின் முறியாத சரிவு முறிந்துவிட்டது. பாதை முழுவதையும் மீட்டவர்கள், அதை மீட்ட முறையாலேயே, குவாரியிலிருந்து கடல்வரை வண்டி தானே உருண்டுவரும் வாய்ப்பை இழந்தார்கள். வேறு வழி இருக்கவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பாதுகாத்தல் என்பது பெரும்பாலும் இத்தகைய பேரம்தான்.

*

ஆயினும் உருண்டோடும் தொடர் அழியவில்லை. ஃபெஸ்டினியோக் ரயில்வே சங்கத்தின் மரபுக் குழுவினரும் அவர்களோடு சேர்ந்த ஆர்வலர்களும் சிலேட்டு வேகன்களை ஒவ்வொன்றாகத் தேடியெடுத்துச் செப்பனிட்டார்கள். வேலை கவர்ச்சியானது அல்ல. எஞ்சினைச் செப்பனிடுபவருக்குப் புகைப்படமும் பாராட்டும் கிடைக்கும். வேகனுக்கு என்ன கிடைக்கும்? உளுத்த மரச்சட்டத்தைக் கழற்றி அதே அளவில் புதியது அறுப்பது, துருப்பிடித்த ஆணியைத் தட்டியெடுப்பது, தட்டையான சக்கரத்தைக் கடைவது, பிரேக் கட்டையைப் பொருத்துவது. ஒன்றை முடித்தால் அச்சு அசலாக அதேபோல் இன்னொன்று. ஐம்பதுக்கு மேல் ஒரே முகங்கொண்ட பொருளைப் பொறுமையோடு செப்பனிட ஒரு தனிக் குணம் வேண்டும். ஒரு வேகனைக் காப்பாற்றினால் அது அருங்காட்சியகப் பொருள். தொடராகக் காப்பாற்றினால்தான் அது கூட்ஸ் வண்டி.

விழா நாட்களில், சரிவு முறியாத கீழ்ப்பகுதியில், அந்தத் தொடர் இன்றும் உருண்டு இறங்குகிறது. ஒளிப்பதிவுகளில் கண்டவர்களுக்குத் தெரியும்: முதலில் கொம்பின் ஒலி வருகிறது, பிறகு தண்டவாளத்தின் மெல்லிய அதிர்வு. எஞ்சினை எதிர்பார்த்த கண்முன்னே எஞ்சினற்ற வேகன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போகின்றன. அவற்றின்மேல் ஆட்கள் குனிந்து நெம்புகோல்களைப் பிடித்திருக்கிறார்கள். பயணிகளுக்கு அதில் இடமில்லை. வாரநாட்களில் வேறு தொழில் செய்யும் அவர்கள் கற்றுக்கொண்டிருப்பது, 1939இல் நின்றுபோயிருக்க வேண்டிய ஒரு கைப்பழக்கம். எவ்வளவு அழுத்தினால் சக்கரம் வழுக்கும் என்பது மீண்டும் ஒருவர் உள்ளங்கையில் வாழ்கிறது. வேகனை மட்டும் காப்பாற்றி இந்த அறிவை விட்டிருந்தால், யாப்பிலக்கணம் அச்சில் இருந்தும் வெண்பா பாட ஆளில்லாத நிலையாகத்தான் முடிந்திருக்கும்.

இவ்வளவும் மகிழ்ச்சியான கதை. ஆனால் இதை இங்கேயே நிறுத்தினால் நேர்மையாகாது.

அந்த வேகன்களில் ஏறிய கல்லுக்கு ஒரு விலை இருந்தது. நிலத்தடி அறைகளில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வெட்டினார்கள்; கொட்டகைகளில் அமர்ந்து பிளந்தார்கள். அந்தத் தூசி நுரையீரலில் தங்கியது. தூசியால் கேடில்லை, தொழிலாளர்கள் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் கடுந்தேநீர்தான் காரணம் என்று சொன்ன மருத்துவர்களும் அக்காலத்தில் இருந்தார்கள். பிற்பாடு நோய் இன்னதென்று உறுதியானபோது வழக்குப் போடக் கம்பெனிகள் இல்லை, பல மூடப்பட்டுவிட்டன. 1979 மார்ச்சில் கலகன் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் தத்தளித்தபோது, வேல்ஸ் தேசியக் கட்சியின் மூன்று உறுப்பினர்கள் அரசை ஆதரித்தார்கள்; சிலேட்டுத் தொழிலாளருக்கு இழப்பீட்டுச் சட்டம் வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது. ஆனால் இழப்பீட்டுச் சட்டம் அந்த ஆண்டே நிறைவேறியது. ரயில் பிளைனாயை மீண்டும் அடைவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு.

அதே தொழிலாளர்கள் குவாரியின் 'கபன்' எனப்படும் உணவுக்குடிலில் மதிய இடைவேளையில் அரசியலும் இறையியலும் விவாதித்தார்கள், கவிதை சொன்னார்கள், பாட்டுப்போட்டி நடத்தினார்கள். விவாதங்களுக்குக் குறிப்பேடுகள்கூட வைத்திருந்தார்கள். வேல்ஷ் உரைநடையின் பேராளுமையான கேட் ராபர்ட்ஸ் ஒரு குவாரித் தொழிலாளியின் மகள். அந்த உலகம் வேல்ஷ் மொழியில் மூச்சுவிட்டது. அதன் ரயிலை மீட்க வந்தவர்களில் கணிசமானோர் இங்கிலாந்தின் நகரங்களிலிருந்து வந்த ஆங்கிலம் பேசுபவர்கள். ஒருவருக்குப் பிழைப்பாகவும் பிணியாகவும் இருந்தது இன்னொருவருக்கு ஞாயிற்றுக்கிழமை இன்பமாவதில் ஒரு நெருடல் இருக்கத்தான் செய்கிறது. உருண்டோடும் தொடரைக் கைதட்டி வழியனுப்புகிறவர், அதன் சுமை எங்கிருந்து வந்தது என்று நினைப்பாரா?

நினைக்க வைக்கும் வழி கூட்ஸ் வண்டிக்குத்தான் உண்டு என்று நமக்குப் படுகிறது. மெருகேற்றிய பயணிப்பெட்டி கடந்த காலத்தை ஓர் உல்லாசப் பயணமாகவே காட்டும். சிலேட்டு வேகன் அப்படியல்ல. அது வெறும் சட்டம். எதற்காக என்ற கேள்வியைத் தன்னோடு கொண்டுவருகிறது. ஃபெஸ்டினியோக் பாதுகாத்திருக்கும் பொருள்களில் வெடிமருந்து ஏற்றிய இரும்பு வேகன் உண்டு. குவாரித் தொழிலாளரை ஏற்றிச் சென்ற பெட்டி உண்டு. கூரையின் நான்கு மூலைகளிலும் அலங்காரக் கலசங்கள் வைத்த ஒரு சவவண்டியும் உண்டு. இறந்தவரை ஊருக்குக் கொண்டுசெல்ல இதே குறுகிய பாதையில் ஓடியது அது. வெடிமருந்து, தொழிலாளி, கல், சவம் என்று இந்த நான்கையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பார்த்தால் அந்தப் பள்ளத்தாக்கின் வரலாறு வேறு விளக்கம் இல்லாமலே புரிந்துவிடும். பயணிகளுக்கு வேண்டியதை மட்டும் காப்பாற்றியிருந்தால் இது சாத்தியமாகியிருக்காது.

2021இல் வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலவெளியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. ஃபெஸ்டினியோக், டாலிலின் பாதைகளும் அதில் அடங்கும். ஒரு டன் ஓட்டுக்குப் பத்து டன்னாவது கழிவு என்ற கணக்கில் குவிந்த கருங்குன்றுகளும் அடங்கும். போர்த்மாடோக் துறைமுகத்துக்கு எதிரே சிறு தீவு ஒன்று இருக்கிறது. சிலேட்டு ஏற்ற வந்த கப்பல்கள் நிலைப்பாரத்துக்காகச் சுமந்துவந்த கற்களைக் கொட்டிக் கொட்டி உண்டான தீவு அது. உலகின் எத்தனையோ கரைகளின் கல் அங்கே கிடக்கிறது. வேல்ஸின் கல் எத்தனையோ ஊர்களின் கூரையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இந்த இரண்டடிப் பாதை.

இன்று அந்த வேகன்களில் ஏற்றிச் செல்ல உண்மையான சரக்கு கிடையாது. விழா முடிந்ததும் அவை மீண்டும் மேலே இழுத்துச் செல்லப்பட்டு நிறுத்தப்படும். அடுத்த சனிக்கிழமை யாரோ ஒருவர் வந்து, இன்னொரு வேகனின் உளுத்த சட்டத்தைக் கழற்றத் தொடங்குவார். காலியாக ஓடும் கூட்ஸ் வண்டி எதைச் சுமக்கிறது என்று கேட்டால், பிரேக்கை அழுத்திய கைகளின் பழக்கத்தையும் அந்தக் கல்லை வெட்டியவர்களின் பேச்சையும் என்றுதான் நாம் சொல்வோம். முதலாவதை அந்தத் தன்னார்வலர்கள் பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். இரண்டாவதைக் கேட்டுக்கொள்ளும் பொறுப்பு, வேலியோரம் நின்று வேகன்களை எண்ணிக்கொண்டிருக்கும் நம்முடையது.